பக்கத்து சீட்

சிக்கந்தர் பாய் கடையில் ஒரு விதி உண்டு. பந்தயக் காருக்கு சீட் வாங்க வருகிறவர் யாராக இருந்தாலும் அந்த சீட்டில் இருபது நிமிஷம் எழுந்திருக்காமல் உட்கார வேண்டும். அதற்கு முன் விலையைக் கேட்டால் பதில் வராது. "அஞ்சு நிமிசத்துல எல்லாச் சீட்டும் சொகமாத்தானுங்க இருக்கும். பதினஞ்சு தாண்டித்தான் இடுப்பு வாயத் தொறக்கும். ஒரு வாரம் கழிச்சு வந்து பாய் தலையில கட்டிட்டார்னு நீங்க சொல்லக்கூடாது பாருங்க" என்று சொல்லிச் சுவர்க்கடிகாரத்தைக் காட்டிவிட்டு, சரக்கு ஆட்டோவில் வந்து இறங்கியிருந்த சைலன்சர்களை எண்ணி வாங்க அவர் வாசலுக்குப் போய்விட்டார். மணி பதினொன்று ஐம்பது. உக்கடத்தில் அந்த நேரத்துக்கு எல்லாக் கடையிலும் இரும்பு சூடாகத் தொடங்கியிருந்தது. சிவப்பிரகாசம் வலது சீட்டில் உட்கார்ந்திருந்தான், அவன் மாமனார் நாச்சிமுத்து இடது சீட்டில். இரண்டும் காலில்லாமல் சிமெண்ட் தரையிலேயே வைக்கப்பட்டிருந்தன, நடுவில் ஒரு முழம் இடைவெளி. வண்டியில எப்படி வருமோ அப்படியே பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டுங்க பாய் என்று மாமாதான் கேட்டிருந்தார். அவ்வளவு தாழ்வாக உட்கார்ந்தால் கடை முழுவதும் முழங்காலுக்குக் கீழேதான் தெரிகிறது. ரப்பர் செருப்புகள், எண்ணெய்க் கறை, அட்டைப்பெட்டிகளின் அடி. மேலே பார்த்தால் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்ட ஸ்டியரிங்குகள். சீட்டின் இரண்டு பக்கச் சுவர்களும் விலாவைப் பிடித்துக்கொண்டன. பிடிக்கத்தான் வேண்டும், அதற்குத்தான் காசு.

மாமா வேட்டியைச் சுருட்டித் தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டு, ஐந்து வாரும் ஒன்றாகச் சேரும் பெல்ட்டின் பூட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுபத்தொரு வயது. மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். எந்தச் சாமானைக் கொடுத்தாலும் முதலில் அதன் அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார். "இந்த அஞ்சாவது வாரு கவட்டுக்குள்ள வருதுங்களே மாப்பிள்ளை, வேட்டியோட இத எப்படிங்க போடறது?" என்றார். வாசலிலிருந்தே பாய், "டிராக்குல வேட்டி ஆகாதுங்க பெரியவரே" என்றார். "பேண்ட்டுப் போட்டு இருபது வருசமாச்சு பாய். நவநீதன் பேண்ட்டு ஒண்ணு பீரோவுல கெடக்குது, இடுப்பு பத்தாது." அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒன்றும் மாறவில்லை. சிவப்பிரகாசத்துக்குத்தான் கழுத்தின் பின்பக்கம் ஏதோ ஊர்வதுபோல் இருந்தது. இறந்துபோன மகனின் பெயரை அவர் இப்போதெல்லாம் பேண்ட்டு, பீரோ, கரண்ட் பில் என்று சொல்வதைப்போலவே சொல்கிறார். முதல் ஆறு மாதம் அந்தப் பெயரே வீட்டில் இல்லை. பிறகு ஒருநாள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன் உட்கார்ந்து, நவநீதனுக்கு இந்தக் கொழம்பு புடிக்காது என்றார். அதற்குப் பிறகு பெயர் வீட்டுக்குள் நடமாட ஆரம்பித்துவிட்டது. அதைத் தாங்குவதற்குப் பழைய மௌனமே மேல் என்று அவன் நினைத்தான், நினைத்ததற்காக வெட்கப்பட்டான், வெட்கம் தீர்ந்ததும் மறுபடியும் நினைத்தான்.

வண்டி நவநீதனுடையது. வெள்ளை நிறம், ஜப்பான் கம்பெனி, இரண்டே சீட், பின்சீட்டே கிடையாது. சென்னை வெள்ளத்தில் ஏதோ அடுக்குமாடியின் தரைக்கீழ் நிறுத்துமிடத்தில் மூன்று நாள் முழுகிக் கிடந்து, இன்சூரன்ஸ்காரர்கள் ஏலத்தில் தள்ளிவிட்டதை அவன் எடுத்தான். பார்ப்பவர்கள் சிரித்தார்கள். லாரியில் ஏற்றி வந்து இறக்கியபோது கதவைத் திறந்தால் சாக்கடை நாற்றம், சீட்டின் பஞ்சுக்குள் ஒரு நண்டு செத்துக் காய்ந்திருந்தது. அந்த நண்டை அவன் தீப்பெட்டியில் போட்டு அக்கா மைதிலியிடம் காட்டி, ஏலத்துல இதையும் சேத்துத்தான் குடுத்தாங்க என்று சொன்னான். மூன்று மாதம் கழித்து அவன் இல்லை. அந்த வண்டியில் அல்ல, சிவப்பிரகாசத்தின் பழைய சின்னக் காரில். வெள்ளை வண்டி மாமாவின் ஷெட்டில் தார்ப்பாய்க்கடியில் நின்றது. வருஷத் திதி முடிந்த மறுநாள் மாமா வந்து, அந்த வண்டி சும்மா கெடக்கக் கூடாது மாப்பிள்ளை, நீங்க முடிச்சுக் குடுங்க, செட்டிபாளையம் டிராக்குல ஒரு ரவுண்டு, நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன், அவ்வளவுதான் எனக்கு என்றார். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். அவனிடம் காரணம் இருந்தது, அதைச் சொல்ல முடியாது. அதனால் சரி என்றான். இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வயரிங்கைப் பிரித்துச் சேறு கழுவினான், பெட்ரோல் டேங்கைக் காயவைத்தான், பிரேக் மாற்றினான். வேலை நடந்தவரை யோசனை இல்லை. வேலை முடிந்து இனி சீட் மட்டும்தான் பாக்கி என்று ஆனபோது, தான் இரண்டு மாதமாக எதை நோக்கி வேலை செய்துகொண்டிருந்தோம் என்பது தெரிந்தது. வரும் ஞாயிறு டிராக்கில் நேரம் வாங்கியாகிவிட்டது. அன்றைக்கு இந்த மனிதர் இடதுபக்கம் உட்காருவார்.

மணி பதினொன்று ஐம்பத்து மூன்று. எதை வாங்குவது என்று யோசிக்கலாம், அதற்குத்தான் வந்தது. பாய் காட்டியது மூன்று வகை. ரேலி டீம்காரர்கள் கழித்துப்போட்ட அசல் ஃபைபர் சீட் ஒன்று, ஒன்றே ஒன்றுதான். அதன் முதுகில் ஒட்டிய பாதுகாப்புச் சான்று லேபிளில் தேதி முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பந்தயத்துக்கு ஒத்துக்கமாட்டாங்க, சும்மா டிராக்குல ஓட்டறதுக்கு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க, தட்டிப் பாருங்க கல்லுங்க கல்லு என்று பாய் தட்டிக் காட்டினார். அடுத்தது, இப்போது இருவரும் உட்கார்ந்திருக்கும் இந்த ஜோடி. உள்ளூர் இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே சிவப்பு ரெக்சின். இதிலும் லேபிள் உண்டு. "இதுல இருக்கற லேபிளு பொய்யிங்க. நான் ஒட்டலை, வரும்போதே ஒட்டிட்டுத்தான் வருது." மூன்றாவது, சாயும் சீட். அதைப் பற்றி பாய் சொன்னது, "அது கல்யாணத்துக்குப் போறவங்களுக்குங்க." ஃபைபர் சீட் ஒன்றின் காசுக்கு இந்த ஜோடி வந்துவிடும் என்பது மட்டும் இருவருக்கும் தெரியும். ஒன்று நல்லது அல்லது இரண்டு சுமார். "நல்லத உங்களுக்கு எடுத்துக்கலாம் மாப்பிள்ளை" என்று மாமா அப்போதே சொல்லிவிட்டார். "ஓட்டறவங்களுக்குத்தான் புடிமானம் வேணும். எனக்கென்ன, ஒரு முக்காலியப் போட்டு மேல துண்ட விரிச்சாப் போதும்." பாய் சிரித்தார். மாமாவும் சிரித்தார். ஓட்டுகிறவனுக்கு நல்லது, பக்கத்தில் இருப்பவனுக்கு எதுவோ ஒன்று. இதை ஒருமுறை செய்து பார்த்தாயிற்று என்று சிவப்பிரகாசம் நினைத்தான். நினைப்பு அங்கேதான் வந்து இடிக்கும். எந்தப் பக்கமிருந்து கிளம்பினாலும், சீட்டின் விலையிலிருந்து, வேட்டியிலிருந்து, காய்ந்த நண்டிலிருந்து கிளம்பினாலும் கடைசியில் அந்தச் சனிக்கிழமை மத்தியானத்துக்குத்தான் வரும். அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் டூல்ரூமில் யாருமில்லை, டிரில்லிங் மெஷினுக்கு மேல் ஒற்றை விளக்கு, கட்டிங் ஆயில் சூடாகும் வாசனை.

தன் பழைய சின்னக் காருக்கு, நாலு எம்.எம். இரும்புப் பட்டையில் சீட்டைத் தரையோடு பிணைக்கும் பிராக்கெட்டுகள் அவன்தான் செய்தான். கடையில் விற்பது கனம், அசிங்கம், வெல்டிங் பிசிறு. அவன் செய்தது மில்லிங் போட்டு, ஓரம் மழித்து, எமரித் தாளில் தேய்த்துக் கண்ணாடி மாதிரி இருந்தது. அப்படியே விட்டிருக்கலாம். விட்டிருந்தால். ஆனால் பந்தய வண்டிப் படங்களில் எல்லாப் பிராக்கெட்டிலும் வரிசையாகத் துளை இருக்கிறது. கனம் குறைக்கப் போடுவது. யாரோ கணக்குப் போட்டு, எங்கே போடலாம் எங்கே கூடாது என்று பார்த்துப் போட்ட துளைகள். படத்தில் கணக்கு தெரியாது, துளைதான் தெரியும். டூல்ரூமில் இருபது வருஷம், இன்னொருவன் இப்படி வரைபடம் கொண்டுவந்திருந்தால் துளைக்கும் துளைக்கும் நடுவில் எவ்வளவு விட்டிருக்கிறாய் என்று கேட்டு மூஞ்சியில் எறிந்திருப்பான். தன் சொந்த வேலைக்கு வரைபடமே போடவில்லை. அழகுக்காக நெருக்கிப் போட்டான். இருபது எம்.எம். துளை, ஒரு பட்டைக்குப் பதினொன்று, இடது சீட்டின் இரண்டு பட்டைக்கும் சேர்த்து இருபத்திரண்டு. நவநீதன் எதிரில் நின்று பட்டையைப் பிடித்துக்கொண்டான். கடைசி மூன்று துளைக்கு, நான் போடறேன் மச்சான், நீங்க புடிங்க என்று அவனே மெஷின் கைப்பிடியை இறக்கினான். முடித்துத் தராசில் வைத்தார்கள். இருநூற்றுப் பதினேழு கிராம் குறைந்திருந்தது. "காலைல நான் தின்ன ரெண்டு புரோட்டா இதவிடக் கனமுங்க மச்சான்" என்றான் நவநீதன். "அதத் தின்னாம இருந்திருந்தா இம்புட்டு வேலையே இல்ல." வலது சீட்டின் பட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தபோது கரண்ட் போனது. அரைமணி நேரம் காத்திருந்தார்கள். வரவில்லை. அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம் என்று துளையில்லாமலே மாட்டிவிட்டார்கள்.

அடுத்த வாரம் என்று ஒன்று வரவில்லை. மறுநாளே மழை. டிராக்கிலிருந்து திரும்பி, அவினாசிவரை ஒரு வேலையாகப் போகலாம் என்று நீலாம்பூர் பைபாஸில் ஏறி, ஆறரை மணிக்கு, விளக்கில்லாமல் ஓரமாக நின்றிருந்த லாரி. அவன் வேகமாகப் போகவில்லை. அதை எல்லோரிடமும் சொன்னான், அது உண்மையும்கூட. பிரேக்கை அழுத்தினான், வண்டி வழுக்கியது, இடது மூலை போய் லாரியின் பின்பக்கத்தில் மோதியது, அவ்வளவு பெரிய மோதல் இல்லை, கண்ணாடிகூட முழுதாக நொறுங்கவில்லை. அவன் பெல்ட் அவனைப் பிடித்தது, நெஞ்சில் குறுக்காக ஒரு கரும்பட்டை, அது மூன்று வாரத்தில் மறைந்துவிட்டது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தபோது நவநீதன் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, சீட்டும் இல்லை. சீட்டோடு சேர்ந்து முன்னால் போயிருந்தான். அந்த வண்டியில் பெல்ட்டின் பூட்டு தரையில் கிடையாது, சீட்டுப் பிராக்கெட்டில்தான் மாட்டியிருந்தது. பிராக்கெட் போனால் பெல்ட்டும் போகும். மழையில் யாரோ டார்ச் அடித்தார்கள். யாரோ, டிரைவர் தப்பிச்சுட்டார் என்றார்கள். அந்த வாக்கியம். பிறகு காவல் நிலைய வளாகத்தில் வேப்பமரத்தடியில் வண்டி நான்கு மாதம் கிடந்தது. கையெழுத்துப் போடப் போன அன்று சன்னல் வழியாகக் குனிந்து பார்த்தான். பட்டை துளைக்குத் துளை கிழிந்திருந்தது, தபால்தலையை வரிசையிலிருந்து பிரித்தால் ஓரம் எப்படி இருக்குமோ அப்படி. சோதனை செய்த அதிகாரியின் அறிக்கையில் மோதலின் தாக்கத்தால் இருக்கை பெயர்ந்துள்ளது என்று ஒரு வரி இருந்தது. அதில் பொய் ஒன்றுமில்லை. லாரிக்காரன்மேல் வழக்கு நடக்கிறது. அவன் ஓசூர் பக்கத்து ஆள், ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ்ஸில் வருகிறான், சிவப்பிரகாசத்தைப் பார்த்தால் எழுந்து நின்று கும்பிடுகிறான்.

விரிசல் பின்பக்கம் தொடங்கியது. கடைசி மூன்று துளையும் பின்பக்கம். இதை அவன் எத்தனை முறை நினைத்திருப்பான். பின்பக்கத் துளைகளைப் போட்டது நவநீதன், ஆகவே. ஆகவே என்ற சொல்லுக்குப் பிறகு ஒன்றும் வராது. குறியீடு போட்டது யார், பஞ்ச் வைத்துத் தட்டியது யார், துளைக்கும் துளைக்கும் நடுவில் எட்டு எம்.எம். போதும் என்று சொன்னது யார். இருந்தும் சில நாள் காலையில் எழுந்ததும், பல் தேய்ப்பதற்கு முன், அந்த மூன்று துளை வந்து ஒரு மடக்கு தண்ணீர் மாதிரி தொண்டையை நனைத்துவிட்டுப் போகும். மைதிலி ஒன்றும் கேட்டதில்லை. பதினான்கு மாதமாக ஒன்றும் கேட்டதில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது துக்கம் பேசினால், எந்தம்பியக் கொண்டுபோன எமன், என் வீட்டுக்காரரையாவது விட்டுவெச்சானே என்பாள். தூக்கத்தில் அவள் கை வந்து அவன் நெஞ்சில், பெல்ட் பிடித்த இடத்தில் விழும். அவன் அசையாமல் படுத்திருப்பான். சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாய்வரைக்கும் வந்தது. முதல்முறை விருந்தாளி வந்தார்கள். இரண்டாம் முறை அவளுக்குக் காய்ச்சல். மூன்றாம் முறை ஒரு தடையும் இல்லை, வீட்டில் அவர்கள் இருவர்தான், ஃபேன்கூட ஓடவில்லை, அவன் சொல்லவில்லை. அதிலிருந்துதான் தன்னைப் பற்றித் தெரிந்துகொண்டான்.

"இடுப்பு எதாச்சும் சொல்லுதுங்களா மாப்பிள்ளை?" மாமா கேட்டார். மணி பன்னிரண்டு. "இல்லீங்க மாமா." "எனக்கு வலது பக்கம் லேசா இடிக்குது. பரவால்ல. ஒரு ரவுண்டு தான?" அவர் குனிய முயன்று, முடியாமல், கையை மட்டும் சீட்டுக்கு அடியில் விட்டுச் சட்டத்தின் வெல்டிங்கைத் தடவினார். "வெல்டு சுமார்தான். நம்ம மில்லா இருந்தா திருப்பி அனுப்பிருப்பேன்." இந்த மனிதர் தன் மகன் இறந்த வண்டியின் அடியில் கைவிட்டுப் பார்க்கவில்லை. காவல் நிலையத்துக்கு வரவே இல்லை. நீங்க பாத்துக்குங்க மாப்பிள்ளை, என்னால அந்த வண்டியப் பாக்க முடியாது என்றார். வந்திருந்தால் ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். முப்பத்து நான்கு வருஷ ஃபிட்டர். வரவில்லை என்பதால்தான் சிவப்பிரகாசம் இன்று அவர் பக்கத்தில் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறான். கால் மரத்துப்போகத் தொடங்கியது. பாய் உள்ளே வந்து, கையில் இரண்டு தடித்த இரும்பு ஸ்டாண்டுகளோடு எதிரில் குந்தினார். கறுப்புப் பெயின்ட், முரட்டு விளிம்பு. "சீட்டு எதுவானாலும் இது தனியா வாங்கோணுங்க. தகடு நாலு எம்.எம்., வளையவே வளையாது. பாக்கறதுக்குத்தான் எருமையாட்டம் இருக்கும்."

"அது வேண்டாங்க பாய்" என்றார் மாமா. "எங்க மாப்பிள்ளையே பண்ணிக்குவார். டூல்ரூம் ஃபோர்மேனுங்க அவரு. வெளிய வாங்குனா அவருக்குத்தான் கேவலம்."

"அப்பச் சரிங்க. எனக்கு யாவாரந்தான் போச்சு" என்று பாய் ஸ்டாண்டுகளைத் தரையில் வைத்துவிட்டு, ஆட்டோக்காரன் கூப்பிட மறுபடி வாசலுக்குப் போனார்.

"பழைய வண்டிக்குப் பண்ணீங்களே மாப்பிள்ளை" மாமா இவன் பக்கம் திரும்பினார். பக்கச் சுவர் உயரமாக இருந்ததால் கழுத்து மட்டுந்தான் திரும்பியது. "வெள்ளிக்கிழம ராத்திரி நவநீதன் வீட்டுக்குக் கொண்டாந்து காட்டினான். வெளக்குல புடிச்சா மூஞ்சி தெரிஞ்சுது. எங்க மில்லுல மேஸ்திரி பண்ணியிருந்தாக்கூட அப்படி வராது. அதே மாதிரி பண்ணிருங்க."

அதே மாதிரி. வெள்ளிக்கிழமை பார்த்திருக்கிறார். துளை போட்டது சனிக்கிழமை. ஒரு நாள் வித்தியாசத்தில் அவர் மனதில் அந்தப் பட்டை முழுசாக இருக்கிறது, இத்தனை நாளும் இருந்திருக்கிறது, அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருக்கிறார். சரிங்க மாமா என்று சொன்னால் முடிந்தது. இந்தமுறை துளை போடாமல் செய்யலாம், ஆறு எம்.எம். பட்டையில் செய்யலாம், யானையை உட்காரவைத்தாலும் தாங்கும்படி செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு ரவுண்டு ஓட்டலாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் செய்த இரும்பின்மேல் உட்கார்ந்து, நவநீதன் இருந்தா என்று ஏதாவது சொல்லுவார். அவன் ஆமாங்க மாமா என்பான். அடுத்து பொங்கல் வரும், அடுத்த திதி வரும், லாரிக்காரன் எழுந்து நின்று கும்பிடுவான். சரிங்க மாமா. இரண்டு சொல். வாயைத் திறந்தான்.

"அதே மாதிரி வேண்டாங்க மாமா."

"ஏனுங்க?"

"ஒடஞ்சது அதுதானுங்க."

மாமாவுக்குப் புரியவில்லை. "லாரி இடிச்சதுலதானுங்களே..."

"இடிச்சது லாரி. சீட்டு பேந்து போனது பிராக்கெட் ஒடஞ்சதாலங்க. நீங்க பாத்ததுக்கு மறுநா அதுல ஓட்டை போட்டேன். கனம் கொறைக்க."

வாசலில் பாய் யாரிடமோ, ஒண்ணு நசுங்கிச் சொட்டையா இருக்குது, இத நான் எடுக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமா கையிலிருந்த பெல்ட் பூட்டை மடியில் வைத்தார். பிறகு அவர் கேட்டது மகனைப் பற்றி அல்ல. "எத்தன ஓட்டைங்க?" என்றார்.

"பட்டைக்குப் பதினொண்ணு."

"என்ன சைசு?"

"இருபது."

"நடுவுல எவ்வளவு உட்டீங்க?"

"எட்டுங்க."

"எட்டு" என்றார் மாமா. கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே அவர் அந்தப் பட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கிறார் என்று சிவப்பிரகாசத்துக்குத் தெரிந்தது. வெளிச்சத்தில் பிடித்து, துளைகளை விரலால் எண்ணி, நடுவில் மிச்சமிருக்கும் இரும்பை நகத்தால் அளந்து பார்க்கிறார். எவ்வளவு தாங்கும், எந்த இடத்தில் விடும், அவருக்குத் தாள் வேண்டாம். அறுபத்தெட்டு கிலோ இருந்த ஒரு பையனை அதன்மேல் உட்காரவைத்துப் பார்க்கிறார். கண்ணைத் திறந்தபோது அவர் பார்வை எதிரில் தரையில் கிடந்த எருமை ஸ்டாண்டுகள்மேல் இருந்தது. "உங்க பக்கம்?"

"போடலீங்க. கரண்ட் போயிருச்சு. அடுத்த வாரம் போட்டுக்கலாம்னு உட்டுட்டோம்."

"உட்டுட்டோம்னா?"

"நானும் நவநீதனும்."

"அவனும் இருந்தானா?"

இதோ இருக்கிறது அந்த மூன்று துளை. தொண்டைக்குள் தயாராக. சொன்னால் பொய் இல்லை. பாதி பாரம் இறங்கும், இறங்காவிட்டாலும் கை மாறும், இந்தக் கிழவரின் மடியில் இன்னொன்றாக விழும், அவர் சாகிறவரைக்கும் கைப்பிடியை இறக்கும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சொல், சொல் என்று ஒரு குரல் உள்ளே. விலாவைப் பிடித்திருந்த சீட்டுச் சுவர்கள் இன்னும் நெருங்கியதுபோல் இருந்தது. "பக்கத்துல நின்னானுங்க" என்றான். "ஓட்டை போட்டது நான்."

சிவப்பிரகாசம் எதிர்பார்த்தவை பல. அறைவார், அழுவார், சட்டையைப் பிடிப்பார், ஏன் இத்தனை நாள் சொல்லலை என்று கேட்பார். ஒன்றும் நடக்கவில்லை. கடிகாரத்தின் பெரிய முள் ஒவ்வொரு நிமிஷமும் சின்னதாக ஒரு உதறலோடு நகர்ந்தது. அவர் மூச்சு கேட்டது. மூக்கு வழியாக இழுத்து வாய் வழியாக விட்டார், மலையேறுகிறவரைப்போல. சொல்லிவிட்டால் லேசாகும் என்று கேள்விப்பட்டிருந்தான். லேசாகவில்லை. இத்தனை நாள் அது அவனுக்குள் ஒரே அளவில், ஒரே இடத்தில் இருந்தது. எங்கே இருக்கிறது, இடிக்காமல் எப்படித் திரும்பிப் படுப்பது என்றெல்லாம் பழகிப்போயிருந்தது. இப்போது அது வெளியே வந்துவிட்டது, எவ்வளவு பெரிதாகும் என்று தெரியாது. பயத்தின் நடுவிலும் இடுப்பு வலித்தது. வலது பக்கம், சட்டத்தின் குழாய் தொடையெலும்பில் இடிக்கிறது. இந்த ஜோடி சரிப்படாது என்று மனதின் ஒரு மூலை குறித்துக்கொண்டது. அந்த மூலையை அவன் அருவருப்போடு பார்த்தான்.

"இருபது ஆச்சுங்க, எந்திரிங்க" என்று பாய் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இப்பச் சொல்லுங்க, எது?"

சிவப்பிரகாசம் இரண்டு கையையும் தரையில் ஊன்றி எழுந்தான். மாமா எழ முயன்றார். அவ்வளவு தாழ்வான, பக்கச் சுவர் வைத்த சீட்டிலிருந்து எழுபத்தொரு வயதில் தானாக எழ முடியாது. ஒருமுறை உந்தினார், பாதியில் மறுபடி விழுந்தார், வேட்டி விலகியது. சிவப்பிரகாசம் கையை நீட்டினான். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகப் படியிலும் பஸ்ஸிலும் கோயில் வழுக்குப் பாறையிலும் அவர் பிடித்து ஏறிய கை. மாமா அந்தக் கையைப் பார்த்தார். உள்ளங்கையை, விரல்களை, கட்டைவிரலில் இருந்த பழைய வெட்டுத் தழும்பைப் பார்த்தார். ஒரு சாமானைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார்.

"பாய், கொஞ்சம் கை குடுங்க" என்றார்.

பாய் இவனை ஒரு தரம் பார்த்துவிட்டு, அக்குளில் கைகொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தினார். மாமா வேட்டியை உதறிக் கட்டினார். கட்டி முடிக்க நேரமெடுத்தது. "சீட்டு இன்னைக்கு வேண்டாங்க பாய். உங்க நேரத்த வீணாக்கிட்டோம்" என்றார். பிறகு சிவப்பிரகாசத்தின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, "நான் பஸ்ஸுல போய்க்கறேன். என்ற ஹெல்மெட் உங்க ஸ்கூட்டர்லயே கெடக்கட்டும்" என்றார். வாக்கியத்தில் மாப்பிள்ளை இல்லை. வாசல்படியில் ஒரு கணம் நின்று வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, சைலன்சர்களைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கி, பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தார். வேகமாகவும் இல்லை, தள்ளாட்டமும் இல்லை.

"ஏனுங்க, பெரியவர் கோவிச்சுக்கிட்டாருங்களா?" பாய் கேட்டார். "நான் இன்னும் வெலையே சொல்லலீங்களே."

சிவப்பிரகாசம் வெளியே வந்தான். ஸ்கூட்டர் சீட் வெயிலில் கொதித்தது. பின்னால் போய் மாமாவைக் கூப்பிடலாமா, கூப்பிட்டால் திரும்புவாரா, திரும்பினால் என்ன சொல்வது. சாவியைப் போட்டான், திருப்பவில்லை. இப்போது ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும், பத்து ஆகியிருக்கும், சிங்காநல்லூர் பஸ் வந்திருக்கும். வீட்டுக்குப் போகவேண்டும், வேறு எங்கே போவது. கம்பெனிக்குப் போகலாம், இன்று சனிக்கிழமை, டூல்ரூமில் யாரும் இருக்கமாட்டார்கள். அந்த எண்ணம் வந்ததுமே சாவியை உருவிக்கொண்டான். சட்டைப்பையில் செல்போன் அடித்தது. மைதிலி.

"எங்க இருக்கீங்க?"

"கடை வாசல்ல."

"அப்பா போன் பண்ணாங்க. தனியா பஸ்ஸுல வர்றாங்களாமே, உங்க கூடத்தான வந்தாங்க? சண்டையா?"

"இல்ல."

"கொரலே சரியில்ல அப்பாவுக்கு. மூச்சு வாங்குது. உன்ற வீட்டுக்காரர் வந்தா ஒண்ணு கேளுன்னாங்க. என்னத்தங்கப்பா கேக்கறதுன்னு கேட்டா, அது அவருக்குத் தெரியும், அவரே சொல்லட்டும்னு வெச்சுட்டாங்க." பின்னால் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்கு வந்திருக்க வேண்டும், குரல் பக்கத்தில் வந்தது. "ஏனுங்க, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நான் என்னங்க கேக்கோணும்?"